சம்பந்தியம்மா செருப்பில் தேனீ

அத்தியாயம் 11

ரஞ்சிதத்துக்கு வலது தோள் விண்விண் என்று தெறித்தது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. தலை வாருவதுகூட இடது கையால்தான். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில் வருடக்கணக்காக டிரே அடுக்கித் தேய்ந்த தோள் அது. வேலையை விட்டாயிற்று. வலி மட்டும் ஒரு நாளும் லீவு போடாமல் வந்துகொண்டிருந்தது.

அந்தத் தோளை வைத்துக்கொண்டுதான் விடிந்ததும் விடியாததுமாகக் கோழிக்கூண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கோழி எச்சம் காய்ந்துவிட்டால் சிமெண்டோடு சேர்ந்துகொள்ளும். பிரஷ் பத்தாது, தோசைக்கரண்டி வேண்டும். அதற்கென்றே ஒரு பழைய தோசைக்கரண்டி பின்சுவரில் ஆணியில் தொங்கியது.

"பளபளன்னு ஆயிடுச்சு லா," என்றார் மாணிக்கம், பின்வாசலில் காபிக் கோப்பையோடு நின்று.

"வாய் நல்லாத்தான் பேசுது. கை எங்க போச்சு?"

"முயலுக்குக் கீரை வச்சேனே."

"கீரை வைக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அது தின்னுட்டுப் போட்டதை அள்ளுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அள்ளிப் பாத்திருக்கீங்களா ஒரு நாளாவது?"

மாணிக்கம் காபியை ஊதினார். பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் காபி எப்போதும் சூடாகவே இருக்கும்.

செம்பவாங்கில் இருக்கும் அந்த வீடு வரிசை வீடுகளில் நடுவீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். பின்னாலிருந்து முன்னால் வர வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளே நடந்துதான் வர வேண்டும். மாணிக்கத்தின் அப்பா கடற்படைத் தளத்தில் கப்பலுக்குத் துரு சுரண்டிய காசில், இந்தப் பக்கம் யாருக்கும் வேண்டாத காலத்தில் வாங்கிப் போட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு மாணிக்கம் அதைக் குட்டி மிருகக்காட்சிசாலை ஆக்கிவிட்டார். பின்னால் கோழிகளும் ஒரு ஜோடி முயலும். ஹாலில் கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ். முன்னால், கேட்டுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு தேனீப் பெட்டி.

வளர்ப்பது அவர். கழுவுவது அவள்.

போன ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டு மண்டபத்தில் நடந்தது நினைவிருக்கும். மகள் சங்கீதாவின் வளைகாப்பு. கை நிறைய வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிற நேரம். அப்போது சம்பந்தியம்மா சிவகாமசுந்தரி எழுந்து நின்றாள். பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"வாசல்ல தேனீ வச்சிருக்கிற வீட்டுக்கு என் மருமகளை அனுப்ப மாட்டேன். பெட்டி போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

சங்கீதா அன்றைக்கு மாமியாரோடு தோ பாயோ வீட்டுக்கே திரும்பிப் போனாள். ரஞ்சிதம் வந்த சனத்துக்கெல்லாம் சிரித்த முகத்தோடு தாம்பூலப் பை கொடுத்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சிவகாமசுந்தரி பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. சங்கீதாவுக்கு இதற்கு முன்னால் ஒரு கரு தங்காமல் போனது. அன்றைக்கு ரஞ்சிதம் சாங்கி விமான நிலையக் கிச்சனில் ஷிப்டில் இருந்தாள். கைபேசி லாக்கருக்குள் இருந்தது. விஷயம் தெரிந்து, தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவை மகள் தன் கண் முன்னால் இருக்க வேண்டும். தன் கையால் ஆக்கிப்போட வேண்டும். வலி எடுத்தால் பக்கத்தில் நிற்பது தானாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் வேலையை விட்டாள். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

"பெட்டி இன்னிக்குப் போகுமா போகாதா?" என்றாள், கரண்டியைக் கழுவியபடி.

"போகும். காதர் பாய் வர்றேன்னு சொல்லிட்டாரு."

காதர் மைதீன் கிராஞ்சிப் பக்கம் ஒரு பண்ணையில் தேனீ வளர்ப்பவர். மாணிக்கத்துக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்ததே அவர்தான் என்பது ரஞ்சிதத்தின் கட்சி.

"விடியறதுக்கு முன்னாடியே பெட்டி வாயைத் துணி வச்சு அடைச்சிட்டேன். எல்லாம் உள்ளதான் இருக்கு. நீ டெக்கா மார்க்கெட் போயிட்டு வா. வரும்போது அது அங்க இருக்காது," என்றார் மாணிக்கம்.

அவள் டெக்காவிலிருந்து மீனும் வாழை இலையும் தூக்கிக்கொண்டு திரும்பியபோது பெட்டி அங்கே இல்லை. செங்கல்கூட இல்லை. கேட்டுப் பக்கம் வெறும் தரை, கழுவி விட்ட ஈரத்தோடு.

ரஞ்சிதம் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனுஷன் ஒரு தடவையாவது சொன்னதைச் செய்துவிட்டார். தேனீக்குப் பயந்து இத்தனை நாள் ஹால் மூலையில் கிடந்த செருப்பு ஸ்டாண்டை இழுத்து வந்து, பெட்டி இருந்த அதே இடத்தில் வைத்தாள். பார்க்க ஒரு வீடு மாதிரி இருந்தது.

உள்ளே மாணிக்கம் சோபாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"வாயு."

"மத்தியானம் உருளைக்கிழங்கைத் தொடாதீங்க," என்று அக்கறையாகச் சொன்னாள். அப்படி அக்கறைப்பட்டதை நினைத்து அன்றைக்கே அவள் பல்லைக் கடிக்க வேண்டி வரும்.

கார் வந்து நின்றது. மருமகன் ஸ்ரீநாத் ஓட்டி வந்தான். பின்சீட்டிலிருந்து முதலில் இறங்கியது சிவகாமசுந்தரி. பஃபலோ ரோட்டு மாடியில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருப்பவள். ஆளைப் பார்த்தவுடனே அளவெடுத்துவிடுகிற கண். அந்தக் கண் நேராகக் கேட்டுப் பக்கம் போனது.

"பெட்டி எங்க சம்பந்தி?"

"போயிடுச்சு. காலையில காதர் பாய் வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு."

"நிஜமாத்தானே?"

"என் வீட்டு வாசல்ல என்ன இருக்கு, என்ன இல்லன்னு எனக்குத் தெரியாதா? போனது போனதுதான். என் பேச்சை நம்புங்க."

மாணிக்கம் கேட்டைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார். கேட் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

சங்கீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். கை நிறைய வளையல் குலுங்கியது. "அம்மா, செம பசி லா. என்ன மீன்?"

"சங்கரா. புளி கம்மியாப் போட்டிருக்கேன். உள்ள வா, வெயில்ல நிக்காதே."

ஸ்ரீநாத் கார் டிக்கியைத் திறந்தான். உள்ளே நீலச் சூட்கேஸ். ரஞ்சிதத்தின் கண் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டது.

"அது அங்கயே இருக்கட்டும்," என்றாள் சிவகாமசுந்தரி. "முதல்ல சாப்பாடு. அப்புறம் சூட்கேஸ்."

ஸ்ரீநாத் டிக்கியை மூடினான். எல்லாரும் ஸ்டாண்டில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். தங்க வார் வைத்த சிவகாமசுந்தரியின் செருப்பு மேல்தட்டில்.

சாப்பாட்டில் குறை இல்லை. சங்கீதா இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். அதைப் பார்த்து ரஞ்சிதத்துக்கு வயிறு நிறைந்துவிட்டது. லவ் பேர்ட்ஸ் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

"இதுங்க எப்பத்தான் வாயை மூடும்?" என்றாள் சிவகாமசுந்தரி.

"மேல ஒரு துணியைப் போட்டா கம்முன்னு ஆயிடும்," என்றார் மாணிக்கம்.

"நல்ல ஏற்பாடு. சில மனுஷங்களுக்கும் அப்படி ஒரு துணி இருந்தா தேவலை."

ஸ்ரீநாத் சிரித்துவிட்டு, அம்மா யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

ரசத்துக்கு முன்னால் மாணிக்கம் இலையைவிட்டு எழுந்தார்.

"எங்க போறீங்க? சம்பந்தி சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"கோழிக்குத் தண்ணி..."

"கோழி எங்கேயும் ஓடிடாது. உக்காருங்க."

"வெயிலு ரஞ்சி. இதோ வந்துடறேன்." கையைக்கூடக் கழுவாமல் பின்வாசல் வழியாகப் போனார். வந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி. ரசத்தை ரசித்துக் குடித்தார்.

சாப்பாடு முடிந்து மாடி அறையைப் பார்க்கப் போனார்கள். சிவகாமசுந்தரி மெத்தையை அழுத்திப் பார்த்தாள். விசிறியைச் சுழலவிட்டு, ஆடுகிறதா என்று பார்த்தாள். குளியலறைத் தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டிருந்ததைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ரஞ்சிதம் தனக்கென்று விரித்து வைத்திருந்த கோரைப்பாயைப் பார்த்ததும் அவள் முகம் தளர்ந்தது.

"கீழ படுக்கப் போறீங்களா? இந்தத் தோளை வச்சுக்கிட்டு?"

"ராத்திரி கூப்பிட்டா உடனே எழும்பணுமே."

சிவகாமசுந்தரி குனிந்து பாயின் மடிப்பை நேராக்கினாள். "நான் கெட்டவ இல்ல சம்பந்தி. ஒரு தடவை பயந்துட்டேன். அந்தப் பயம் போக மாட்டேங்குது. மண்டபத்துல அப்படி எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது."

"விடுங்க சம்பந்தியம்மா. எனக்கும் அதே பயம்தான்."

"ஸ்ரீ!" என்று மாடிப்படி முனையில் நின்று கூப்பிட்டாள் சிவகாமசுந்தரி. "சூட்கேஸை எடுத்துட்டு வாப்பா."

ஒரு வாரமாக ரஞ்சிதம் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

கீழே வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடனே மூடும் சத்தம்.

"அத்தை," என்று ஸ்ரீநாத்தின் குரல் வந்தது. "கொஞ்சம் கீழ வந்து பாருங்களேன்."

ரஞ்சிதம் ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டுப் பக்கம் காற்றே பழுப்பாக இருந்தது. நூற்றுக்கணக்கில் தேனீக்கள், இல்லாத ஒரு கதவைத் தேடுவது போல அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. செருப்பு ஸ்டாண்டின் தட்டு தெரியவில்லை. தங்க வார் செருப்புமேல் ஒரு கொத்து, பலாச்சுளை அளவுக்கு அப்பிக்கொண்டிருந்தது.

"நான் கார்ல போய் எடுத்துட்டு ஓடி வந்துடறேன்," என்று ஸ்ரீநாத் கதவைத் திறந்து ஒரு அடி வைத்தான். வைத்த வேகத்தில் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே விழுந்தான்.

சிவகாமசுந்தரி படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கத்தவில்லை.

"போயிடுச்சுன்னு சொன்னீங்க," என்றாள்.

ரஞ்சிதத்தின் காது இரண்டும் சுட்டது. "என்னங்க!" என்று கூப்பிட்டாள். மாணிக்கம் ஹாலில் இல்லை. சமையலறையில் இல்லை. பின்வாசலுக்குப் போனாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் மூலையில் கிடந்த பழைய கேன்வாஸ் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். துணிக்கு அடியில் தேனீப் பெட்டி. அதன் வாயிலிருந்து இன்னும் வரிசையாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன.

"இது என்ன?"

"ரஞ்சி, கத்தாத. அதுங்க மிரண்டுடும்."

"இது என்னன்னு கேட்டேன்."

"பெட்டி."

"காதர் பாய் தூக்கிட்டுப் போனாரே, அந்தப் பெட்டியா?"

மாணிக்கம் தலையைச் சொறிந்தார். "பாய்கிட்ட நான் சொல்லவே இல்ல. இப்பத்தான் ராணி நல்லா முட்டை வச்சிருக்கு. இந்த நேரத்துல தூக்கிக் கொடுத்தா... கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்னு பார்த்தேன். அவங்க வந்து பாத்துட்டுப் போனதும் பழையபடி முன்னாடி வச்சிடலாம்ல?"

"சங்கீதா இங்கதானே இருப்பா. அவ கண்ணுல படாதா?"

"அதைப் பத்தி இன்னும் யோசிக்கல."

ரஞ்சிதம் வானத்தைப் பார்த்தாள். கிரேன் மேலே உட்கார்ந்து கப்பலிலிருந்து டன் கணக்கில் இரும்பை இறக்கிய மனிதர் இவர். ஒரு நாளும் ஒரு பெட்டியைத் தவறான இடத்தில் வைத்தவர் இல்லை. வீட்டுக்கு வந்தால் மட்டும் மூளையைக் கேட்டிலேயே கழற்றி மாட்டிவிடுவார்.

"சரி, வாயைத்தான் அடைச்சிருந்தீங்களே. ஏன் தொறந்தீங்க?"

"வெயில் ஏறிடுச்சு. உள்ள கொதிக்குது. தொட்டுப் பாரு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா அத்தனையும் வெந்து செத்துடும் லா. உயிரு இல்லையா?"

"மாடியில ஒரு உயிரு உக்காந்திருக்கு. அது வயித்துல இன்னொரு உயிரு இருக்கு. அதெல்லாம் உங்களுக்கு உயிராத் தெரியலையா? நான் சம்பந்தி மூஞ்சியைப் பாத்து, என் பேச்சை நம்புங்கன்னு சொன்னேனே, பக்கத்துல நின்னுட்டுக் கேட்டைத் தடவிட்டு இருந்தீங்களே!"

கோழிகள்கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தன.

அவளே காதர் மைதீனுக்குப் போன் போட்டாள்.

"தேனீ பெட்டியைத் தேடாதும்மா," என்றார் அவர், முழுவதும் கேட்டுவிட்டு. "இடத்தைத்தான் தேடும். வெளிய போனது எங்கிருந்து கிளம்பிப் பழகுச்சோ அங்கதான் திரும்பி வரும். பெட்டியைப் பழைய இடத்துல வைங்க. தானா உள்ள போயிடும். ஒண்ணும் பண்ணாது. ஆனா யாரும் துணியை வச்சு விசிறக் கூடாது, பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. அடிச்சா அப்புறம் நான் பொறுப்பில்ல."

"இதெல்லாம் இவருக்குத் தெரியாதா பாய்?"

"நான்தானேம்மா சொல்லிக்கொடுத்தேன். நல்லாத் தெரியும்."

"இன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. இவரு வேண்டாம்னு சொல்லுவாரு. கேக்காதீங்க."

மாணிக்கம் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பெட்டி வாயைத் துணியால் மறுபடி அடைத்தார். தூக்குவதற்குக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. காலையில தூக்கினப்பவே ஒரு பிடி பிடிச்சுது."

வாயு இல்லை. ரஞ்சிதம் சேலையை இழுத்துச் செருகினாள். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு நெருப்புக் கோடு ஓடியது.

"தூக்குங்க."

சமையலறை வழியாக, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, இலை எடுக்காத பந்தியைத் தாண்டி, தேனீப் பெட்டி ஹாலுக்குள் ஊர்வலம் வந்தது. உள்ளே கொதிக்கிற உலைபோல ஓர் இரைச்சல். லவ் பேர்ட்ஸ் கூண்டே உடைகிற மாதிரி கத்தின. ஸ்ரீநாத் காதில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு சோபாமேல் ஏறி நின்றான்.

மாடிப்படியில் சங்கீதா. "அப்பா! சீரியஸாவா? வீட்டுக்குள்ளயா?"

"மேல போடி! கதவைச் சாத்து!"

வாசல் பக்கம் திரும்பியபோதுதான் ரஞ்சிதம் பார்த்தாள். வாசல் கதவு அரையடி திறந்திருந்தது. அதில் சிவகாமசுந்தரி நின்றிருந்தாள். கையில் வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த கரப்பான் மருந்து டின். கையை நீட்டி, தேனீக் கூட்டத்தைக் குறி பார்த்து, விரலை அழுத்தப்போகிறாள்.

ரஞ்சிதத்தின் இரண்டு கையிலும் பெட்டி. அடைத்த துணி நழுவிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் தொண்டைக்கு வந்தது.

"ஏய்! அறிவு இருக்கா உனக்கு? கையை எடு! வாயை மூடிட்டு உள்ள போ!"

சிவகாமசுந்தரி டின்னைக் கீழே வைத்தாள். கீழே வைத்த சத்தம்கூட வரவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள்.

லவ் பேர்ட்ஸ் மட்டும் கத்திக்கொண்டே இருந்தன.

பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, மாணிக்கம் காலால் ஸ்டாண்டை மெதுவாக நகர்த்தினார். கேட்டுத் தூணுக்கு வெளிப்பக்கம் ஒளித்து வைத்திருந்த செங்கல்லை எடுத்து அடுக்கினார். பெட்டியை வைத்துத் துணியை உருவினார். ஒரு டப்பாவில் தேங்காய் நாரைக் கொளுத்திக் கொஞ்சம் புகை காட்டினார். சிறிது நேரத்தில், எம்ஆர்டி ரயில் கதவு திறந்ததும் உள்ளே நுழைகிற கூட்டம் மாதிரி, தேனீக்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு பெட்டிக்குள் போக ஆரம்பித்தன. செருப்புகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

"பாத்தியா?" என்றார் மாணிக்கம் மெதுவாக. குரலில் பெருமை. "எவ்வளவு புத்திசாலி."

ரஞ்சிதத்துக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கை வரவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகுதான் சிவகாமசுந்தரி இறங்கி வந்தாள். பின்னால் சங்கீதா, கைப்பையோடு. ரஞ்சிதம் முந்திக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா, பெட்டி இன்னிக்கே போயிடும். பாய் வந்துட்டு இருக்காரு. இந்தத் தடவை நானே போன் பண்ணேன். அவ இங்கயே இருக்கட்டும்."

"பெட்டியை விடுங்க. நான் அதைப் பத்திப் பேசல." சிவகாமசுந்தரி செருப்பைத் தரையில் தட்டிவிட்டு மாட்டினாள். "நீங்க என்கிட்ட பொய் சொல்லலைன்னும் தெரியும். பின்பக்க ஜன்னல் தொறந்துதான் இருந்தது. நீங்க அவரைக் கேட்டது பூரா என் காதுல விழுந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"ஸ்ரீயோட அப்பா போனதுலேருந்து தனியா நின்னு கடை நடத்தறேன். அளவு சரியில்லன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. ரவிக்கையை மூஞ்சியில விட்டெறிஞ்சவங்க உண்டு. அறிவு இருக்கான்னு என்னை யாரும் கேட்டதில்ல. நீங்க என் மகன் முன்னாடி, மருமக முன்னாடி கேட்டீங்க."

"அந்த மருந்தை அடிச்சிருந்தா உங்க மூஞ்சிதான் வீங்கியிருக்கும். அதுக்குத்தான் கத்தினேன்."

"இருக்கலாம். நான் காரணம் கேக்கல சம்பந்தி."

ஸ்ரீநாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வலது காது வடைபோல வீங்கியிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

"சங்கீதா தோ பாயோவிலேயே இருக்கட்டும்," என்றாள் சிவகாமசுந்தரி. "பிரசவத்துக்கு நீங்களும் அங்க வந்து இருக்கலாம். பெத்த தாயை வராதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் வாசப்படி ஏறும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு ஏறுங்க."

"அம்மா," என்று சங்கீதா ரஞ்சிதத்தின் கையைப் பிடித்தாள். வளையல்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் நெரிந்தன. "ஒரு சாரி லா. இப்பவே சொல்லிடு. முடிஞ்சுது. நான் மேல போய்ப் படுத்துக்கறேன். ப்ளீஸ்மா."

ரஞ்சிதம் வாயைத் திறந்தாள்.

பின்னால் மாணிக்கம் புகை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ தெருவில் நடக்கிற சண்டையை வேடிக்கை பார்ப்பவர்போல நின்றிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பொய் சொன்னவர் அவர். பெட்டியை ஒளித்தவர் அவர். சாரி மட்டும் இவள் வாயிலிருந்து வர வேண்டும். கோழிக்கூண்டைச் சுரண்டுகிற மாதிரி, இதையும் இவள்தான் சுரண்டியெடுக்க வேண்டும்.

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

சங்கீதா கையை விட்டாள். "சரிம்மா," என்றாள். அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை.

கார் பின்னால் நகர்ந்து தெருவில் இறங்கியது. டிக்கிக்குள் நீலச் சூட்கேஸ் திறக்காமலே போனது.

"பாய் வந்தா நிஜமாவே கொடுத்துடறேன் ரஞ்சி," என்றார் மாணிக்கம், இடுப்பைப் பிடித்தபடி. "அப்புறம் பிரச்சினை ஒண்ணும் இல்லல்ல?"

அவள் உள்ளே போய் எச்சில் இலைகளை மடித்தாள்.

காதர் மைதீனின் லாரி வந்து, பெட்டி ஏறி, தெருமுனை தாண்டிப் போனபோது போன் அடித்தது. சங்கீதா. தாழ்ந்த குரலில் பேசினாள். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். குளியலறையிலிருந்து பேசுகிறாள்.

"அம்மா, உன்கிட்ட சொல்ல வேணாம்னு நெனச்சேன். போன செக்கப்புல பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. இன்னும் ஏறினா அட்மிட் ஆகணுமாம்."

ரஞ்சிதம் சுவர்க் காலண்டரில் வெள்ளிக்கிழமையைத் தேடினாள். "நாளைக்கே வர்றேன்டா."

"வா. ஆனா அத்தைகிட்ட பேசிட்டு வா." குரலை இன்னும் தாழ்த்தினாள். "வந்ததுலேருந்து தையல் மிஷின் முன்னாடி உக்காந்திருக்காங்கம்மா. தைக்கல. சும்மா உக்காந்திருக்காங்க."

போன் வைக்கப்பட்டது. ரஞ்சிதம் சம்பந்தியம்மாவின் எண்ணை எடுத்தாள். விரல் அதன்மேல் நின்றது. ஹாலில் மாணிக்கம் லவ் பேர்ட்ஸுக்குத் தினை போட்டுக்கொண்டு ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தார்.

அவள் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். பெட்டி போய்விட்டது. சிவகாமசுந்தரியிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் கடனாக நின்றது.